பிக்கப் வண்டிக்குப் பெரிய பேட்டரி போடலாமா? 'ஆம்ப்ஸ்' கூட்டினால் செல்ஃப் பிரச்சினை தீருமா?

விழுப்புரம் மாவட்டம் செஞ்சியில் வெள்ளிக்கிழமை வாரச்சந்தை என்றால், ஆடு ஏற்றிய பிக்கப் வண்டிகள் விடிவதற்குள் ஊருக்குள் வந்துவிடும். அறுவடை சீசனில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல் மூட்டையோடு வரும் வண்டிகள் மணிக்கணக்கில் வரிசையில் காத்திருப்பதும் வழக்கம். இப்படி நிற்கும் வண்டி, வரிசை நகரும் நேரம் பார்த்து 'டக்... டக்...'னு மட்டும் சத்தம் கொடுத்து செல்ஃப் எடுக்காமல் போனால் அன்றைய வாடகை போச்சு. போதாததுக்கு பின்னாடி நிக்கிறவங்க ஹாரன் வேற.

அப்போது பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லும் முதல் யோசனை இதுதான்: "பெரிய பேட்டரியா போட்டுடுண்ணே, அப்புறம் தொல்லையே இருக்காது."

பெரிய பேட்டரி போடலாமா என்றால், போடலாம். ஆனால் செல்ஃப் எடுக்காத எல்லா வண்டிக்கும் அது மருந்து கிடையாது. பல வண்டிகளில் கோளாறு பேட்டரியின் அளவில் இருப்பதே இல்லை. அது தெரியாமல் பெரிய பேட்டரி வாங்கினால், சில மாதம் கழித்து அதே இடத்தில் அதே 'டக்... டக்...' சத்தம்தான் கேட்கும்.

'ஆம்ப்ஸ்' என்றால் என்ன?

பேட்டரி கடையில் '60 ஆம்ப்ஸ்', '80 ஆம்ப்ஸ்' என்று சொல்வது உண்மையில் ஆம்பியர்-அவர். பேட்டரிக்குள் எவ்வளவு மின்சாரம் சேமிக்க முடியும் என்பதன் அளவு அது. 60 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால், 3 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் கொடுக்கும் என்று கணக்கு. அதிலிருந்து வேகமாக எடுத்தால் முழு 60-ம் கிடைக்காது, கொஞ்சம் குறையும்.

விவசாய ஊரில் இதைப் புரிய வைப்பது சுலபம். பேட்டரி என்பது தண்ணீர்த் தொட்டி. வண்டியில் சுற்றும் ஆல்டர்னேட்டர், அதாவது நம்மூர் மெக்கானிக்குகள் பழைய பழக்கத்தில் 'டைனமோ' என்று சொல்வது, தொட்டியை நிரப்பும் மோட்டார். விளக்கு, பாட்டு செட், செல்போன் சார்ஜர் எல்லாம் குழாய்கள். தொட்டியைப் பெரிதாகக் கட்டினால் மோட்டார் கூடுதலாகத் தண்ணீர் இறைக்குமா? இறைக்காது. தொட்டி பெரிதாவதால் கிடைப்பது ஒன்றே ஒன்று: மோட்டார் ஓடாத நேரத்தில் கொஞ்சம் அதிக நேரம் குழாயைத் திறந்து வைக்கலாம்.

இன்னொரு எண்ணும் இருக்கிறது. வண்டியைக் கிளப்பும் அந்த இரண்டு மூன்று விநாடியில் பேட்டரியால் எவ்வளவு கரண்டை மொத்தமாகத் தள்ள முடியும் என்பதைக் காட்டும் 'கோல்ட் கிராங்கிங்' அளவு. டீசல் இன்ஜினில் அழுத்தம் அதிகம் என்பதால் செல்ஃப் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். ஆனால் இழுப்பது சில விநாடிதான். 250 ஆம்பியர் வீதம் 3 விநாடி இழுத்தால் செலவாவது சுமார் 0.2 ஆம்பியர்-அவர். 60-ல் இது ஒரு சொட்டு. அதாவது வண்டியைக் கிளப்புவதால் பேட்டரி காலியாவதில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு நாம் போட்டு வைக்கிற சாமான்களால்தான் காலியாகிறது.

அமெரிக்காவில் இரண்டு பேட்டரி, இங்கே ஏன் ஒன்று?

அமெரிக்காவில் ஓடும் பெரிய டீசல் பிக்கப்களில் கம்பெனியே இரண்டு பேட்டரி வைத்து அனுப்புகிறது. யூடியூபில் அதைப் பார்த்துவிட்டு 'நம்ம வண்டிக்கும் அப்படி பண்ணலாமா' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே 6 லிட்டருக்கும் மேற்பட்ட இன்ஜின், உறையும் குளிர். கோல்ட் கிராங்கிங் அளவையே மைனஸ் 18 டிகிரியில் சோதித்துத்தான் பேட்டரியில் அச்சிடுகிறார்கள். செஞ்சியில் மார்கழிப் பனியில்கூட அந்தக் குளிரில் நூற்றில் ஒரு பங்கும் இருக்காது. இங்கே ஓடும் பொலிரோ பிக்கப்பின் இன்ஜின் சுமார் 2.5 லிட்டர். அசோக் லேலண்ட் தோஸ்த் சுமார் 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர். 2005-ல் வந்த முதல் டாடா ஏஸ் 702 சி.சி. மட்டுமே. நல்ல நிலையில் இருக்கும் கம்பெனி அளவு பேட்டரியே இவற்றைக் கிளப்பத் தாராளமாகப் போதும்.

இங்கே பேட்டரியைக் கொல்வது வெயில். சூடு 10 டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் துறையில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. சுற்றிலும் பாறை மலைகள் இருக்கும் ஊரில் சித்திரை வெயிலோடு இன்ஜின் சூடும் சேரும்போது பேட்டரி தண்ணீர் வற்றுவதும், உள்ளே தகடுகள் அரிப்பதும் வேகமாக நடக்கும். பெரிய பேட்டரி இந்தச் சூட்டுக்கு விதிவிலக்கு அல்ல.

அப்படியானால் யாருக்குப் பெரிய பேட்டரி தேவை?

செஞ்சிக்குப் பக்கத்தில் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் அமாவாசை ஊஞ்சல் உற்சவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்கக் கூட்டம். பிக்கப்பின் பின்பக்கக் கதவைத் திறந்து வைத்து, பேட்டரியிலிருந்தே எல்.இ.டி. லைட் இழுத்து, ஸ்பீக்கரும் போட்டு வியாபாரம் செய்பவருக்கு இன்ஜின் ஓடாத நேரத்தில் கரண்ட் வேண்டும். பெரிய பேட்டரிக்கு நியாயமான காரணம் இதுதான்.

கணக்கைப் பார்க்கலாம். லைட், ஸ்பீக்கர், சார்ஜர் எல்லாம் சேர்த்து 10 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், 4 மணி நேரத்தில் 40 ஆம்பியர்-அவர் காலி. 60 பேட்டரியில் மீதி 20. அந்த நிலையில் செல்ஃப் எடுப்பது சந்தேகம்தான். அதுவே 80 பேட்டரியாக இருந்தால் பாதி மிச்சம் இருக்கும், வண்டி கிளம்பிவிடும். ஹெட்லைட்டை மட்டும் மறந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போனாலும் இதே 10 ஆம்பியர் கணக்குதான். 60 வாட்ஸ் பல்பு இரண்டு எரிந்தால் அவ்வளவு இழுக்கும்.

ஆனால் பேட்டரி கடையில் பலர் சொல்லாமல் விடும் பாதி இனிமேல்தான் இருக்கிறது. காலியான 40-ஐத் திரும்ப நிரப்ப, சேதாரம் சேர்த்து ஏறக்குறைய 46 ஆம்பியர்-அவர் உள்ளே போக வேண்டும். செஞ்சியிலிருந்து திண்டிவனம் சுமார் 28 கிலோமீட்டர். முக்கால் மணி நேர ஓட்டம். ஆல்டர்னேட்டர் மற்ற செலவு போக 25 ஆம்பியர் மிச்சம் கொடுத்தாலும் திண்டிவனம் போய்ச் சேரும்போது 20-கூட ஏறியிருக்காது. பேட்டரி நிரம்ப நிரம்ப சார்ஜ் ஏறும் வேகமும் குறையும். கடைசி ஐந்தில் ஒரு பங்கு ஏறத்தான் அதிக நேரம் பிடிக்கும். லோடு இறக்கும்போது இன்ஜினைச் சும்மா ஓட விடுவதாலும் பெரிய லாபம் இல்லை. ஐடிலில் ஆல்டர்னேட்டர் தன் முழுத் திறனைக் கொடுப்பதில்லை.

இப்படி அரைவயிற்றோடு நாள்கணக்கில் ஓடும் பேட்டரியில், தகடுகள் மேல் வெள்ளையாக சல்பேட் படிந்து இறுகிவிடும். அதன் பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பிடிக்காது. ஒன்றைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும்: பேட்டரி பெரிது என்பதால் மட்டும் அது நிரம்பாமல் போவதில்லை. எடுத்த அளவைத் திருப்பிப் போட்டால் போதும், 60 ஆனாலும் 80 ஆனாலும் கணக்கு ஒன்றுதான். 'பெரிய பேட்டரிதான் இருக்கே' என்ற தைரியத்தில் லைட்டும் ஸ்பீக்கரும் கூட்டிக்கொண்டே போவதுதான் வில்லங்கம். மாதம் ஒருமுறை அமாவாசைக்கு மட்டும் இப்படி ஓட்டுபவர், மறுநாள் வீட்டில் பேட்டரி சார்ஜரில் இரவு முழுக்கப் போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

அதே மாதிரி இன்னொரு பயம் வெறும் கட்டுக்கதை. 'ஆம்ப்ஸ் ஜாஸ்தியானா செல்ஃப் மோட்டார் கருகிடும்' என்பார்கள். கிணற்றில் தண்ணீர் அதிகம் இருந்தால் பம்புசெட் வெடித்துவிடுமா? செல்ஃப் மோட்டார் தனக்கு வேண்டியதை மட்டும்தான் இழுக்கும். பேட்டரி 12 வோல்ட்டாக இருக்கும்வரை ஆம்பியர்-அவர் கூடுவதால் அதற்கு ஆபத்து இல்லை.

வாங்குவதற்கு முன் பத்து நிமிட சோதனை

ஆட்டோ எலக்ட்ரீஷியன் எவரிடமும் மல்டிமீட்டர் இருக்கும். வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு, காலையில் சாவி போடும் முன்பே பேட்டரி முனைகளில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் என்றால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. அடுத்து, செல்ஃப் அடிக்கும்போது பார்க்க வேண்டும். நிறைந்த பேட்டரியே 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் அதன் காலம் முடிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஹெட்லைட், ஃபேன் எல்லாம் போட்டதும் 13-க்குக் கீழே இறங்கினால் குற்றவாளி ஆல்டர்னேட்டர், அதன் பெல்ட், அல்லது ரெகுலேட்டர். அந்த வண்டிக்கு எவ்வளவு பெரிய பேட்டரி போட்டாலும் அதுவும் ஒரு வாரத்தில் இறங்கிவிடும். பி.எஸ்.6 வண்டிகள் சிலவற்றில் சார்ஜிங்கை கம்ப்யூட்டரே கூட்டிக் குறைக்கும் என்பதால் இந்த எண் கொஞ்சம் மேலும் கீழும் ஆடலாம். அதை மட்டும் பார்த்துவிட்டு ஆல்டர்னேட்டரைக் கழற்ற வேண்டாம்.

அதிகம் பேர் தவறவிடுவது எர்த் வயர். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும் மறு முனையை இன்ஜின் உடம்பிலும் வைத்து செல்ஃப் அடித்தால் அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். அதற்கு மேல் காட்டினால் எர்த் ஒயரோ போல்ட்டோ துருப்பிடித்திருக்கிறது. ஏரிக்கரை, மண் ரோடு என்று ஓடும் வண்டியில் இது சகஜம். கழற்றித் தேய்த்து முறுக்கினால் முடிந்தது. செலவு ஒரு டீ காசு. இதைப் பார்க்காமல் பேட்டரி மாற்றியவர்கள் ஏராளம்.

கடைசியாக, எல்லாவற்றையும் அணைத்த பிறகும் வண்டி எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்று பார்க்க வேண்டும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. நேரடி ஒயர் போட்ட ஆம்ப்ளிஃபயர் ஒன்று 500 மில்லி ஆம்பியர் குடித்துக்கொண்டிருந்தால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-அவர் போகும். ஐந்து நாள் வண்டி நின்றால் 60 பேட்டரி சுத்தமாகக் காலி. 80 போட்டால்? ஏழாவது நாள் காலி. அவ்வளவுதான் வித்தியாசம்.

பேட்டரி மேல் எழுதியிருக்கும் எண் ஏமாற்றலாம்

'80 டி 26 ஆர்' என்று எழுதிய பேட்டரியைப் பார்த்து 80 ஆம்ப்ஸ் என்று நினைத்து வாங்குபவர்கள் உண்டு. இது ஜப்பான் முறை எழுத்து. அதில் 80 என்பது ஆம்பியர்-அவர் அல்ல, செயல்திறன் வரிசை எண். டி என்பது பெட்டியின் அகல உயர வகை, 26 என்பது நீளம் சென்டிமீட்டரில், ஆர் என்பது பிளஸ் முனை எந்தப் பக்கம் என்பதற்கான குறி. உண்மையான ஆம்பியர்-அவர் இதைவிடக் குறைவாகவே இருக்கும். அது லேபிளில் தனியாக அச்சாகியிருக்கும். அதைப் படித்துவிட்டே பேரம் பேச வேண்டும்.

பிளஸ் முனை பக்கம் மாறினால் ஒயர் எட்டாது. எட்ட வைக்க இழுத்துக் கட்டினால் உரசி ஷார்ட் ஆகும். பெட்டி உயரம் கூடினால் முனை பானெட்டிலோ மூடியிலோ இடிக்கும். அங்கே பொறி பறந்தால் வண்டியே எரியும். பேட்டரி தட்டில் சரியாக உட்கார்ந்து, பிடிக்கிற கிளாம்ப் இறுகினால்தான் அது 'பொருந்துகிற பேட்டரி'. கிளாம்ப் பத்தாமல் சைக்கிள் டியூபால் கட்டி ஓட்டும் வண்டிகளும் ரோட்டில் ஓடத்தான் செய்கின்றன. குலுங்கிக் குலுங்கி உள்ளே தகடு உடைய இதைவிடச் சுலபமான வழி இல்லை. அதனால் 60 இருந்த இடத்தில் அதே அளவுப் பெட்டியில் கிடைக்கும் 65, 70 வரை போவது பாதுகாப்பானது. தட்டை வெட்டி வெல்டிங் வைத்து 100 போடுவது யோசிக்க வேண்டிய வேலை. சிக்னலில் தானாக அணைந்து கிளம்பும் வசதி உள்ள வண்டிக்கு அதற்கென்றே வரும் பேட்டரிதான் போட வேண்டும். சாதாரண பேட்டரி அதில் சீக்கிரம் செத்துவிடும்.

பி.எஸ்.6 வண்டியில் கூடுதல் கவனம்

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் டீசல் எப்போது, எவ்வளவு போக வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. பழைய வண்டி மாதிரி பேட்டரி கொஞ்சம் தொங்கினாலும் இழுத்துக் கிளம்பாது. செல்ஃப் அடிக்கும்போது வோல்ட் அதிகமாக விழுந்தால் கம்ப்யூட்டரே அணைந்து எழும்பும்; செல்ஃப் சுற்றும், ஆனால் வண்டி கிளம்பாது. அதனால் இவற்றுக்கு நல்ல பேட்டரி முக்கியம் என்பது உண்மை.

அதே காரணத்தால்தான் கண்ட இடத்தில் ஒயர் இழுக்கவும் கூடாது. சில வண்டிகளில் மைனஸ் முனையில் சின்ன சென்சார் இருக்கும். எக்ஸ்ட்ரா லைட்டின் எர்த்தை நேராக மைனஸ் முனையில் கொடுத்தால் அந்தச் செலவு சென்சாரின் கணக்கில் வராது. பாடியில் கொடுக்க வேண்டும். பிளஸிலிருந்து போகும் எந்த ஒயருக்கும் பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ் கட்டாயம். ஃபியூஸ் இல்லாத ஒயர் உரசினால் பெரிய பேட்டரி பெரிய நெருப்பாகத்தான் கொடுக்கும்.

வியாபாரத்துக்கு ராத்திரி முழுக்க கரண்ட் வேண்டும் என்பவர்களுக்கு இன்னொரு வழி, இரண்டாவது பேட்டரி. வண்டியைக் கிளப்பும் பேட்டரியைத் தொடாமல், லைட்டுக்கென்று தனி பேட்டரி வைத்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் இரண்டையும் இணைக்கும் ரிலே போடுவது. ராத்திரி லைட் பேட்டரி காலியானாலும் காலையில் வண்டி கிளம்பும். கம்பெனி அளவு பேட்டரியை அப்படியே வைத்துக்கொண்டு இதைச் செய்வது, ஒரே பெரிய பேட்டரியை நம்புவதைவிட நிம்மதி. பழையதையும் புதியதையும் ரிலே இல்லாமல் சேர்த்துக் கட்டினால் மட்டும் பழையது புதியதையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

லாரியிலிருந்து ஜம்ப் கொடுக்கலாமா?

திருவண்ணாமலை ரோட்டில் வண்டி நின்றுவிட்டால் உதவிக்கு முதலில் நிற்பது லாரிக்காரர்கள்தான். ஆனால் பெரிய லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளை வரிசையாக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். பிக்கப் 12 வோல்ட். அந்த 24-ஐ இதில் கொடுத்தால் கம்ப்யூட்டர், மீட்டர் போர்டு எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். அந்தச் செலவுக்கு எத்தனையோ பேட்டரி வாங்கலாம். இன்னொரு பிக்கப்போ காரோ வரும்வரை காத்திருப்பதுதான் புத்திசாலித்தனம். இணைக்கும்போது பிளஸுக்கு பிளஸ் முதலில். மைனஸ் ஒயரின் கடைசி முனை, நின்ற வண்டியின் பேட்டரியில் அல்ல, இன்ஜின் உடம்பில். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு ஒரு பொறிக்கே வெடிக்கும். பேட்டரியைக் கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். ஆசிட் கண்ணில் பட்டால் தண்ணீரை நிறுத்தாமல் ஊற்றிக் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

ஆர்.டி.ஓ. பிடிப்பாரா?

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதைத்தான் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. பேட்டரியின் ஆம்பியர்-அவர் ஆர்.சி.யில் வருவதில்லை. எனவே பேட்டரி அளவு கூடியதற்காக அபராதம் என்பது இல்லை. அந்தப் பேட்டரியை நம்பி மாட்டுகிற ஏர் ஹாரனுக்கும் கண் கூசும் லைட்டுக்கும் அபராதம் உண்டு. புது வண்டி என்றால், ஒயரிங்கில் கை வைத்ததைக் காரணம் காட்டி வாரண்டி மறுக்கப்படலாம் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

விலையும் பழைய பேட்டரியும்

2025 செப்டம்பர் 22 முதல் வண்டி பேட்டரிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் அது சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கலாம். வாரண்டி கார்டில் தேதியும் வண்டி எண்ணும் எழுதி முத்திரை வாங்குவது அவசியம். சரக்கு வண்டிக்கான வாரண்டி காலம், காருக்கானதைவிடக் குறைவாக இருப்பது வழக்கம். பேட்டரியில் உள்ள தயாரிப்புத் தேதி குறியீட்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கடையில் மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்த 'புது' பேட்டரி, பாதிப் பழசு. கடையில் தீராத புகார் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பழைய பேட்டரியின் எடையில் பாதிக்கும் மேல் ஈயம். அதனால்தான் கடையில் 'எக்ஸ்சேஞ்ச்' என்று ஒரு தொகை கழிக்கிறார்கள். 2022-ல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு. சில நூறு ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று தெருவில் உடைத்து உருக்குபவரிடம் போட்டால், அந்த ஈயப்புகை முதலில் போவது அந்தத் தெருக் குழந்தைகளின் உடம்புக்குள். உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் ஈயம் கவலைக்குரிய அளவில் இருக்கிறது என்று 2020-ல் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கை சொன்னது; முறையில்லாமல் உடைக்கப்படும் பேட்டரிகளை அதற்கு முக்கியக் காரணமாகக் காட்டியது. புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, கழித்த தொகையைப் பில்லில் தனியாக எழுதச் சொல்லி வாங்கலாம்.